ஊருக்கு வெளியே ஒரு வெளிநாடு

கேள்வி: திருச்சி விமான நிலையத்துக்கு 'சர்வதேச' என்ற பட்டமெல்லாம் கொஞ்சம் ஓவராக இல்லையா?

பதில்: பட்டம் வந்தது 2012-இல். அதற்கு எவ்வளவோ காலம் முன்பே கொழும்புக்கு இங்கிருந்து விமானம் பறந்துகொண்டிருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பதிவுச் சான்றிதழ் வாங்கியது மாதிரி!

உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்துபோகும் அபூர்வ நிலையம் இது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா என்று போகிறவர்களில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஆட்கள் ஏராளம். வாசலில் பார்த்தால் தெரியும். பயணி ஒருவர், வழியனுப்ப வேன் நிறைய உறவு. கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் பெயர். எடை கூடிவிட்டால் அங்கேயே பெட்டி பிரிக்கப்படும். ஊறுகாய் வீடு திரும்பும், மாப்பிள்ளை மட்டும் பறப்பார்.

புது முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறந்துவைத்தார். பயணிகளுக்குக் கதவு திறந்தது ஜூன் மாதம்தான். செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 44.5 லட்சம் பேரைத் தாங்குமாம். கோபுரச் சாயலில் முகப்பு, உள்ளே கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். ஸ்ரீரங்கம் போகாமலே பாதி தரிசனம்!

குறை? ஓடுபாதைதான். நீளம் சுமார் 2,480 மீட்டர். பெருத்த விமானங்களுக்கு அது போதாது. நீட்டிக்கும் பேச்சு மட்டும் ஆண்டுக்கணக்கில் நீண்டுகொண்டே போகிறது.