408-ஆம் எண் வீட்டுக்காரர்

ஜப்பானிய மொழியை வீட்டிலிருந்தபடியே கற்க எந்தப் புத்தகம் நல்லது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். முதலில் நேற்றைய எரிச்சல். என் பையிலிருந்து எட்டிப்பார்த்த 'மின்னா நோ நிஹோங்கோ'வைக் கண்ட நண்பர், "அடடா, 'கெங்கி'ல்ல சார் வாங்கியிருக்கணும்!" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் உச்சுக்கொட்டினார். 'கெங்கி' வாங்கியபோது 'மின்னா'தான் நல்லது என்றவரும் இவரேதான். ஹிரகானா 46 எழுத்தில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. அதனால்தான் இத்தனை தெளிவு.

'கெங்கி' எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கும், வாஸ்தவம். ஆனால் வகுப்பறைக்கென்று எழுதியது. ஜோடியாகப் பேசிப் பழகு என்று ஓயாமல் சொல்கிறது. என் ஜோடி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று ஜப்பானிய மொழியில் கேட்டேன். "சத்தம் போடாதீங்க" என்று தமிழில் பதில் வந்தது.

'மின்னா'வில் பாடநூல் முழுக்க ஜப்பானிய மொழிதான். மொழிபெயர்ப்பும் இலக்கணமும் தனிப் புத்தகம், தனி விலை. கடைக்காரர் இதைப் பணம் வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகு சொன்னார்.

போகட்டும். என்னால் பொறுக்க முடியாதவர் இரண்டாம் பாடத்தில் வரும் பிரேசில்காரர் சான்டோஸ். 408-ஆம் எண் வீட்டுக்குக் குடிவந்ததும் பக்கத்து வீட்டு யமாடாவின் கதவைத் தட்டி, இனி உங்கள் தயவு வேண்டும் என்று காபி கொடுக்கிறார். காபி! எங்கள் அடுக்ககத்தில் புதிதாக வருபவர் முதலில் கேட்பது மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்று. இரண்டாவது, உங்கள் ஸ்கூட்டரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமா. காபி கொடுத்தால் வாங்குவோமா? சங்கச் செயலாளர் தேர்தலில் நிற்கப்போகிறான் என்று சந்தேகப்படுவோம். யமாடாவோ நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். மராமத்துப் பணம் கட்டியாயிற்றா என்று ஒரு வார்த்தை? மாடியில் துணி உலர்த்தும் கொடி யாருக்கு என்று ஒரு முறைப்பு? மூச்! இந்த மொழியைக் கற்று நான் யாரிடம் சண்டை போடுவது?

அமெரிக்கர் மில்லர் இன்னும் மோசம். 25-ஆம் பாடத்தில் அவருக்கு ஒசாகாவிலிருந்து டோக்கியோவுக்கு மாற்றல். அலுவலகமே வாழ்த்துகிறது, நீங்கள் போனால் வெறிச்சென்று ஆகிவிடும் என்கிறது. எனக்கு மாற்றல் வந்தபோது, என் நாற்காலி யாருக்கு என்று நான் அதில் உட்கார்ந்திருக்கும்போதே பேசி முடித்துவிட்டார்கள்.