பெரியண்ணன் நாடு ஆவது எப்படி? ஐந்து எளிய படிகள்

அக்கம்பக்கத்து நாடுகளைச் சேர்த்து ஒரே சந்தை அமைக்க ஆசைப்படும் பெரிய நாடுகளுக்கு, குரங்கணி அடிவாரத்திலிருந்து சில யோசனைகள். ஆலோசனைக்கு வரி கிடையாது.

1. பாதையை நீங்களே போடுங்கள். சரக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். வெள்ளைக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். மூணாறு தேயிலை குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடி போய்க் கப்பலேறியது. திருவிதாங்கூரும் சென்னை மாகாணமும் அழகாக இணைந்தன. லாபம் தோட்ட முதலாளிகள் இருந்த கிளாஸ்கோவுக்குப் போனது.

2. கதவைத் திறந்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். 1998-ல் கையெழுத்தாகி 2000-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், சலுகை வரியில் வரலாம் என்று இலங்கை ஆடைக்கு விதித்த அளவு ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படி. அதிலும் 60 லட்சம், இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டியிருந்தது!

3. திருடனைப் பிடிக்க ஊரையே பூட்டுங்கள். வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு இந்தியாவுக்குள் நுழைகிறது என்று புகார் வந்தது. 2017 டிசம்பரில் மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை விதிக்கப்பட்டது. சொந்தக் கொடியில் மிளகு பறித்த இலங்கையின் மாத்தளை விவசாயியும் அதில் மாட்டினார்.

4. பங்காளிச் சண்டை வந்தால் பந்தலையே பிரித்துவிடுங்கள். 1985-ல் டாக்காவில் பிறந்த தெற்காசியக் கூட்டமைப்பான சார்க், 2014 காத்மாண்டுக்குப் பிறகு உச்சி மாநாட்டையே பார்க்கவில்லை. தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்யும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் சுமார் 5 சதவீதம்தான். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியானில் 20 சதவீதத்துக்கும் மேல்.

5. உங்களைவிடப் பெரியவர் உட்காரும் பந்திக்குப் போகாதீர்கள். 2019 நவம்பரில் பாங்காக்கில் ஆர்.சி.இ.பி. என்ற ஆசிய-பசிபிக் வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தையிலிருந்து இந்தியா விலகியது. சீனச் சரக்கு வந்து குவியும் என்ற பயம். நம்மைப் பார்த்து இலங்கைக்கு வரும் அதே பயம்தான்.

எச்சரிக்கை: 2022-ல் இலங்கை திணறியபோது கிட்டத்தட்ட 400 கோடி டாலர் உதவி செய்ததுபோல அடிக்கடி செய்தால், அண்டை வீட்டார் உங்களை நம்பத் தொடங்கிவிடுவார்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. மலிவு மிளகைத் தடுத்தது டெல்லி என்றாலும், அதைக் கேட்டது மலைத்தோட்டக்காரர்களான நாமும்தான். ஆனால் கேரளத்து இடுக்கியில் விளைந்த ஏலக்காய் போடி ஏல மையத்துச் சாம்பிள் தட்டுக்கு வருவதால் இரண்டு பக்கமும் பிழைக்கிறது. பெரியவன் கொஞ்சம் விட்டுக்கொடுக்காத சந்தை, கூட்டுச் சந்தை ஆகாது.