ஈரச் சாக்கும் எலுமிச்சம்பழமும்

சென்னையில் ஆகஸ்ட் மாதத்து ஒரு காலை. இந்தக் கட்டுரையாளர் காரைக் கிளப்பி ஏசியைப் போட்டார். முதல் காற்று வந்ததுமே பின்சீட்டிலிருந்து அவருடைய தாயார் கேட்டார்: "யாருடா உள்ள ஈரச் சாக்கை வச்சது?"

யாரும் வைக்கவில்லை. சீட்டுக்கு அடியில் துழாவியதில் ஒரு கடலைமிட்டாய் உறையும் மகனுடைய ஒற்றைச் சாக்ஸும் அகப்பட்டன. விசாரணையே இல்லாமல் சாக்ஸ் குப்பைத்தொட்டிக்குப் போனது. மறுநாள் காலை சாக்கு வாடை மறுபடி வந்து சாக்ஸ் நிரபராதி என்று நிரூபித்தது.

அந்த வாடைக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. ஏசி போட்ட முதல் இரண்டு மூன்று நிமிடம்தான் ஆடும். பிறகு அடங்கிவிடும், அல்லது மூக்கு பழகிவிடும். ராத்திரி முழுக்க இருமிவிட்டு டாக்டரைப் பார்த்ததும் சிரிக்கிற குழந்தை மாதிரி, மெக்கானிக் ஷெட் வாசலுக்குப் போய்ச் சேரும்போது வண்டி மணக்கவே மணக்காது.

எனவே முதலில் கைவைத்தியம். ஏசி ஜன்னலில் மல்லிகை சென்ட் மாட்டப்பட்டது. பூக்காரம்மா கூடைக்குப் பதில் சாக்கில் பூ கொண்டுவந்தது போல் இருந்தது. எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்தார்கள். கிண்ணத்தில் காபிப்பொடி வைத்தார்கள். முதல் வேகத்தடையிலேயே அது சீட்டுக்குக் குடிபோனது. கடைசியாகத் தாயார் சாம்பிராணி போட்டார். சாக்கு வாடை அப்படியே இருந்தது, கொஞ்சம் பக்தியோடு.

பிறகு ஒரு மெக்கானிக். "கேஸ் கம்மி சார். ஃபுல் பண்ணிட்டா எல்லாம் போயிடும்." போனது பணம் மட்டும்தான். இந்த கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. நாம் சுவாசிக்கிற காற்றை அது தொடுவதே இல்லை. அது குறைந்தால் குளிர் குறையும்; சாக்கு வாடை வராது. இதைத் தெரிந்துகொள்வதற்குள் கட்டுரையாளருக்கு அதே வாடை கூடுதல் குளிர்ச்சியோடு வரத் தொடங்கியிருந்தது.

விஷயம் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதே கதைதான். அங்கே உள்ள கூலிங் காயில் சுழியம் டிகிரிக்குச் சற்று மேலே ஜில்லென்று இருக்கும். சென்னையின் புழுக்கக் காற்றை புளோயர் அதன் வழியே தள்ளும்போது, காற்றிலுள்ள ஈரம் மெல்லிய அலுமினியத் தகடுகளில் நீராகிப் படியும். அது கீழே வடிந்து, ஒரு சிறு குழாய் வழியாகத் தெருவில் சொட்டும். வண்டியை நிறுத்திய பிறகும் தகடுகளில் ஈரம் நிற்கும். ஈரம், இருட்டு, தூசி, வெயிலில் நிற்கிற வண்டியின் கதகதப்பு: பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட நல்ல மனையை எந்தத் தரகரும் காட்டிவிட முடியாது. அவை விடும் வாயுக்களைத்தான் நாம் காசு கொடுத்துக் குளிரவைத்து முகத்தில் வாங்கிக்கொள்கிறோம். முதல் மழையில் மண்ணுக்கு வாசம் தருகிற ஜியோஸ்மின் என்ற பொருளையும் நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. தெருவில் அடித்தால் கவிதை. காருக்குள் அடித்தால் குடும்பச் சண்டை.

இரண்டாவது மெக்கானிக் மூக்கை உபயோகிக்கவே இல்லை. ஒரே கேள்வி கேட்டார்: "வண்டிக்கு அடில தண்ணி சொட்டுதா சார்?"

கட்டுரையாளருக்குத் திக்கென்றது. போன கோடையில் அடுக்குமாடி வாட்ச்மேன் தினமும் சொல்வார்: "சார், உங்க வண்டி ஒழுகுது." இரண்டு மாதமாகச் சொல்லவில்லை. வண்டி தானாகவே குணமாகிவிட்டது என்று இவர் மகிழ்ந்திருந்தார். அதே இரண்டு மாதமாகத்தான் முன்சீட்டுக்குக் கீழே மேட்டும் ஈரமாக இருந்தது. அந்தப் பழியை மகனுடைய தண்ணீர் பாட்டில் சுமந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் ஒரு சாக்கை விரித்து (நிஜச் சாக்கு) வண்டிக்கு அடியில் புகுந்து, குழாயில் கம்பியை விட்டார். ஒரு மண்ணுருண்டை பொத்தென்று விழுந்தது. பின்னாலேயே கலங்கல் தண்ணீர் குபுக்கென்று வந்தது. உருண்டை, குளவி கட்டிய கூடு. பிறகு கிளவ் பாக்ஸைக் கழற்றி ஏசி ஃபில்டரை உருவினார். பிறந்தபோது வெள்ளை, இப்போது கருப்பட்டி நிறம், நடுவில் வேப்பஞ்சருகும் ஒரு புறா இறகும். வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டிய பொருள். அப்படி ஒன்று இருப்பதே நாலு வருஷமாக உரிமையாளருக்குத் தெரியாது. காயிலில் நுரை மருந்து அடித்ததும், அது வெள்ளையாக உள்ளே போய்க் கறுப்பாகக் கீழே சொட்டியது.

வீட்டில் தாயார் மட்டும் வருத்தப்பட்டார். "குளவி கூடு கட்டினா வீட்டுல விசேஷம் வரும்னு சொல்லுவாங்க. அதைப்போய்க் கலைச்சிருக்கே!"

மெக்கானிக் ஒரு பத்தியமும் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பே ஏசி பட்டனை அணைத்துவிட்டு, வெளிக்காற்றைத் திறந்து புளோயரை மட்டும் ஓடவிட வேண்டும், காயில் காயும். 1940 மாடலுக்கு ஏசியை அறிமுகப்படுத்திய அமெரிக்காவின் பேக்கார்டு காரில் இப்படி அணைக்க டேஷ்போர்டில் பட்டனே கிடையாது. என்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். நமக்கு ஒரு விரல் போதும். ஆனால் அந்த விரல் பட்டனை நெருங்கும்போதே, "இன்னும் வீடு வரல" என்று மூன்று குரல்கள் கிளம்பும். ஒன்று தாயாருடையது.

அன்று சாயங்காலம் வாட்ச்மேன் ஓடிவந்தார். "சார், மறுபடி ஒழுக ஆரம்பிச்சிடுச்சு!" கட்டுரையாளர் குனிந்து, சொட்டுவதை ஆசைதீரப் பார்த்துவிட்டு, அவருக்கு டீக்குக் காசு கொடுத்தார். வாட்ச்மேன் காசைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கடைசியில் சாரை ஒருமாதிரியாகப் பார்த்தார்.