முழங்கை ஆழத்து ஊற்று

"கூட்டம் இருக்கக்கூடாது, சத்தம் இருக்கக்கூடாது. பறவை வேணும், அலையாத்திக் காடு வேணும், ஆளில்லாத கடற்கரை வேணும். சரியாப்பா?"

மணலி புதுநகர் வீட்டில் உட்கார்ந்து, அந்தமான் பயணத்துக்கு மகள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். தெருமுனையில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் சொல்லச் சொல்ல, 1986ஆம் வருஷத்துக் காணும் பொங்கல்தான் என் கண்ணில் வந்து நின்றது.

அன்று அப்பா எங்களை எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனார். தெரிந்த மாமா ஒருவர் படகு வைத்திருந்தார். ஆற்றில் இருளர் பெண்கள் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போட்டபடி நகர்ந்தார்கள். அக்கரையில் காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் பழவேற்காடு வரை நீண்டு கிடக்கும் மணல் தீவு. பனையும் சவுக்கும் தாழையும் மணல்மேடுகளும்தான் அங்கே இருந்தன.

வெயில் ஏறியதும் தாகம் எடுத்தது. கொண்டுபோன கூஜா காலி. அம்மா தவித்துப்போனார்.

"இன்னாத்துக்குக் கவலைப்படுற தங்கச்சி? தோ, இங்க தோண்டு தம்பி" என்று மாமா மணல்மேட்டின் அடிவாரத்தைக் காட்டினார்.

முழங்கை ஆழம்கூடப் போகவில்லை, ஊறிவிட்டது. கலங்கல் தெளியட்டும் என்று பொறுத்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். கடல் கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது. தண்ணீரோ இளநீர் மாதிரி இனித்தது.

அது எப்படி என்பது பிற்பாடுதான் புரிந்தது. மணலில் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன் மேலே மிதந்து நிற்கிறது. தேவைக்கு எடுத்தால் மறுபடி ஊறும். பேராசைப்பட்டு இறைத்தால் அந்த இடத்துக்குக் கடல் வந்துவிடும். பக்கத்திலேயே மீஞ்சூரில் அதுதான் நடந்தது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகள் வருஷக்கணக்கில் இறைத்ததில், நிலத்தடியில் உப்பு பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது.

காட்டுப்பள்ளியும் மாறியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. பிறகு தீவிலேயே இன்னொரு துறைமுகம். அனல்மின் சாம்பல் படிந்து கழி மேடுதட்டியது. நான் கையால் தோண்டிக் குடித்த அதே தீவில், 2010இல், கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரக்கூடிய நிலையம் வந்தது.

"உன் பட்டியல்ல ஒண்ணு விட்டுப்போச்சும்மா. அங்க குடிக்கிற தண்ணி எங்கேர்ந்து வருது?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு கேள்வியில் திட்டமே மாறியது. அந்தமானில் வருஷத்துக்கு ஏறக்குறைய 300 சென்டிமீட்டர் மழை பெய்தும், கோடையில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வருகிறது. அதனால் ஏப்ரல் விடுமுறை வேண்டாம், மழை ஓய்ந்த கையோடு ஜனவரியில் போகலாம் என்றாள். நீச்சல்குளம் உள்ள விடுதியை அடித்துவிட்டு, நீல் தீவில் ஒரு குடும்பம் நடத்தும் சின்ன விடுதியை எழுதினாள். வாளித் தண்ணீரில் குளியல். சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று நாள் கப்பல் பயணம்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காட்டுப் பக்கம் மணல்மேடு மிச்சமிருக்கும் ஓரிடத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். மண்டியிட்டுத் தோண்டினாள். முழங்கை தாண்டி, தோள்வரை கை போனது. நான் ஒன்றும் பேசவில்லை.

விரல்நுனி நனைந்ததும், "அப்பா, ஊறுது!" என்று கத்தினாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். லேசாக உவர்ப்பு தட்டியதாம். தோண்டிய மணலை அவளே இரண்டு கையாலும் தள்ளி, குழியை மூடினாள்.