செலக்ட் ஆன பெரியப்பா

தெருவுக்கு ஒரு பெரியப்பா இப்படி இருக்கிறார். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புகளில் கையெழுத்துப் போட்டு ஓய்வுபெற்றவர். பென்ஷன் வருகிறது. ஆனால் வீட்டில் அவரிடம் கேட்கிற கேள்வி இரண்டே இரண்டுதான்: பால் வாங்கியாச்சா, மோட்டாரை நிறுத்தியாச்சா.

அப்போது வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வரும். "வணக்கம் சார், வொர்க் ஃப்ரம் ஹோமுக்கு உங்க ப்ரொஃபைல் செலக்ட் ஆயிருக்கு." அவர் எங்கேயும் விண்ணப்பித்ததே இல்லை. அதனால் என்ன? திறமை தானாகத் தெரிந்திருக்கிறது! ஊரே இவரைப் பேராசைக்காரர் என்கிறது. எனக்கென்னவோ, இவர் பணத்துக்கு விழுந்தவரில்லை, மரியாதைக்கு விழுந்தவர்.

முதலில் பென்சில் பேக்கிங். பென்சில் வீட்டுக்கே வரும், டப்பாவில் அடுக்கினால் மாதம் முப்பதாயிரம். பென்சிலைச் செய்கிற மெஷினுக்கு அடுக்கத் தெரியாதா என்று பெரியப்பா கேட்கவில்லை. பதிவுக்கு 650 கட்டினார், பிறகு கூரியருக்கு, பிறகு ஜிஎஸ்டிக்கு. பென்சில் வரவில்லை. ஐடி கார்டு மட்டும் போனில் வந்தது. அதை பிரிண்ட் எடுத்து லேமினேஷன் செய்து வைத்திருக்கிறார்.

அடுத்து டேட்டா என்ட்ரி. கண்ணுக்கே தெரியாத மங்கல் பக்கங்களைத் தட்டச்சு செய்து அனுப்பியதும், பிழை அதிகம், ஒப்பந்தப்படி அபராதம் கட்டு என்று 'வக்கீல் நோட்டீஸ்' வந்தது. மெமோ என்றாலே வேர்த்துப் பழகிய உடம்பு, கட்டிவிட்டார்.

இப்போது டெலிகிராமில் ஓட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் வழங்கும் பதவி. போகாத ஊர், சாப்பிடாத ஓட்டல். முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் விழுந்தது. அதுதான் தூண்டில் புழு. பிறகு 'ப்ரீபெய்டு டாஸ்க்': ஆயிரம் போட்டால் ஆயிரத்து முந்நூறு, ஐயாயிரம் போட்டால் இன்னும் மேலே. குரூப்பில் ஆளாளுக்கு 'பணம் வந்துடுச்சு' என்று ஸ்கிரீன்ஷாட் போட்டார்கள். அத்தனை பேரும் மோசடிக்காரனின் ஆட்கள். திரையில் 84,000 மின்னியது. எடுக்கப் போனால், வரியாக முதலில் இருபதாயிரம் கட்டச் சொன்னார்கள்.

பெரியம்மா தென்காசிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டிலிருந்தே பீடி சுற்றியவர்.

"இங்க பாருங்க, நாங்க பீடி சுத்தும்போது இலையும் தூளும் அவங்களே தருவாங்க. கழிவுன்னு நாலு பீடியத் தூக்கிப் போட்டா சண்டை போடுவோம். ஆனா வேலைக்குச் சேர காசு குடுன்னு ஒருத்தனும் கேட்டதில்ல."

"அது கூலி. இது ஆன்லைன்."

பெரியம்மா பதில் சொல்லாமல் போனைப் பிடுங்கி 1930-க்கு அடித்தார். சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, அந்த அளவுக்குப் பணம் தூரம் போவதற்குள் அதை வங்கியில் மறிக்க வழியிருக்கிறது. கடைசியாக அனுப்பியதில் கொஞ்சத்தை மறிக்க முடிந்தது. இணையத்திலும் புகார் பதிந்தார்கள். தொழில் என்ற இடத்தில் 'சீனியர் ரிவ்யூவர்' என்று போடச் சொல்லிப் பெரியப்பா அடம்பிடித்தார்.

போன வாரம் இன்னொரு அழைப்பு. ஏமாந்த பணத்தை மீட்டுத் தருவார்களாம். ஃபைல் சார்ஜ் 2,500 மட்டும். பெரியம்மா கரண்டியோடு வெளியே வந்து நின்றார். பெரியப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்:

"உனக்குப் புரியாது. இது வேற டிபார்ட்மெண்ட்டு."