ஷரோன் நிக்கிறாரோ, நிக்கிறாவோ? பாலையூற்றுப் படலையில் எழுந்த ஓர் ஆய்வு

திருகோணமலையின் பாலையூற்றில் ஒரு வீட்டுப் படலையில் நின்று குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். "ஷரோன் நிக்கிறாரோ?" என்பதா, "நிக்கிறாவோ?" என்பதா? தயங்கிய நேரத்தில் நாய் முந்திக்கொண்டது. அந்த ஓட்டமே இவ்வாய்வின் ஊற்றுக்கண்.

முதலில் பெயர். எபிரேயத்தில் ஷரோன் (தமிழ் வேதாகமத்தில் சாரோன்) ஆளே அல்ல. யாப்பாவுக்கும் கார்மேல் மலைக்கும் இடையே கடலோரமாய்க் கிடக்கும் சமவெளி. 'நேர், மட்டம்' எனப் பொருள்படும் வேரிலிருந்து வந்தது என்பர். இஸ்ரேலில் இதை ஆணுக்கும் வைக்கிறார்கள், பெண்ணுக்கும் வைக்கிறார்கள். 1928இல் அச்சமவெளியில் பிறந்த ஏரியல் ஷைனர்மன் அதையே குடும்பப் பெயராக்கி, ஏரியல் ஷரோன் என்று 2001இல் பிரதமரும் ஆனார்.

வேதாகமத்தைப் புரட்டினால் தலை சுற்றும். இனிமைமிகு பாடலில் தன்னைச் சாரோனின் மலர் என்பவள் ஒரு பெண். நம் கிறிஸ்தவப் பாடல்களிலோ சாரோனின் ரோஜா இயேசுநாதர். அந்தப் பூவாவது நிச்சயமா என்றால் அதுவும் இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு வெறுமனே 'சமவெளிப் பூ' என்றது. 1611இன் ஆங்கில வேதாகமம் 'சாரோனின் ரோஜா' என்றது. தாவரவியலார் நார்சிசஸ், குரோக்கஸ், டியூலிப் என்று இன்னும் பிணங்குகிறார்கள். பூவின் சாதியே முடிவாகாதபோது பிள்ளையின் பாலைக் கேட்க நான் யார்?

தொல்காப்பியரிடம் முறையிட்டேன். னகர ஒற்றை அவர் ஆண்பாலுக்கு எழுதிவைத்துவிட்டார். அது வினைமுடிவுக்கான விதி என்று தெரிந்தும் பெயருக்கு நீட்டிப் பார்த்தேன்: ஷரோன் ஆண், கூடவே மீனும் தேனும் ஆண். விரவுப்பெயர் என்ற இன்னொரு வழியும் அவரிடம் உண்டு. சாத்தன் வந்தான் என்றால் மனிதன், சாத்தன் வந்தது என்றால் எருது. வினை வந்தால் விளங்கும் என்கிறார். ஐயா, அந்த வினை தெரியாமல்தானே படலையில் நிற்கிறேன்!

ஊர்ப்பெயர் ஆட்பெயராவது இங்கே புதினமும் அல்ல. பாலையூற்றில் லூர்து அன்னை திருத்தலம் இருக்கிறது. லூர்து பிரான்சில் ஓர் ஊர். 1858இல் பெர்னதெத் மண்ணைக் கிளற ஊற்றுப் பீறிட்ட இடம். தமிழர் அதற்கு வால் வைத்தார்கள்: லூர்துநாதன், லூர்துமேரி. கோணமலையானுக்கும் அதே வைத்தியம்தான்: கோணேஸ்வரன், கோணேஸ்வரி. ஷரோன் மட்டும் வாலில்லாமல் வந்திறங்கிவிட்டது.

பாலையூற்று என்றதும் பாலைத்திணையில் ஊற்றா என்று புலவர்கள் புருவம் உயர்த்தலாம். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டியவர்களுக்குத் தெரியும், இது மரம். ஆனாலும் எசாயா 35ஆம் அதிகாரத்தில் பாலைநிலம் சாரோனின் எழிலைப் பெறுகிறது, வறண்ட மண்ணில் ஊற்றுகள் எழுகின்றன. பெயர் சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறது என்று இதைக்கொண்டு நிறுவுகிறேன், மறுப்போர் மறுக்கலாம்.

சின்னப் பிள்ளை என்றால் "பிள்ளை நிக்குதோ?" என்று அஃறிணையில் தப்பலாம். சாதாரணதரம் எழுதிவிட்ட ஷரோனிடம் அது செல்லாது.

கடைசியில் தீர்வு ஆட்பதிவுத் திணைக்களத்தில் கிடைத்தது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த நாளின் வரிசையெண் இருக்கும். பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டுவார்கள். லூர்து அன்னையின் திருநாளான பெப்ரவரி 11இல் பிறந்த ஷரோன் ஆணானால் 042, பெண்ணானால் 542. ஆகவே படலையில் நின்று கேட்கவேண்டியது, "ஷரோனுக்கு ஐந்நூறு கூட்டியிருக்கோ?"

இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை. நாயை அவிழ்த்துத்தான் விட்டிருக்கிறார்கள்.