பனமரத்துப்பட்டிக்குப் போகும் பர்கண்டிக்காரர்

சேலத்தில் ஒருவருக்கு ஐம்பது வயதாகி, டாக்டரும் "சுகர் பார்டர்ல இருக்கு" என்று சொல்லி, அதே வருஷம் மகன் டிக்கெட் போட்டு ஐரோப்பாவுக்கும் அனுப்பிவைத்துவிட்டால், அவர் சைக்கிள் வாங்காமல் தப்பிப்பது கஷ்டம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரியாக இருக்கலாம். ஐந்து ரோட்டுப் பக்கம் பல் டாக்டராக இருக்கலாம். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியவராகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டால் எல்லாரும் ஒரே ஆள்தான். அவரைப் பர்கண்டிக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், போன் என்ற ஊரிலிருந்து சான்தெனே வரை திராட்சைத் தோட்டங்களின் ஊடாக ஒரு சைக்கிள் பாதை போகிறது. நீளம் 20 கி.மீ.க்குச் சற்று மேல். பொம்மார், மெர்சோ என்று வழியெல்லாம் கல் வீடுகள் நிறைந்த பழங்காலக் கிராமங்கள். இறங்கி ஒரு வாய் ஒயின், ஏறி நாலு மிதி, மறுபடி ஒரு வாய் ஒயின். நம்மவர் அங்கே வாடகை சைக்கிளில் அரை நாள் போனார். மீதிச் சுற்றுலா முழுக்க பஸ்ஸில்தான். ஆனால் ஊர் திரும்பியதிலிருந்து அந்த அரை நாளைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார். "லைஃபை ஸ்லோவா வாழணும் சார். அவசரமே கூடாது."

அவசரமில்லாமல் வாழ்வதற்கு அவர் வாங்கிய சைக்கிளின் எடை ஒன்பது கிலோ. அதற்கு மூன்று விலை உண்டு. மனைவியிடம் முப்பதாயிரம், ஆடிட்டரிடம் எண்பதாயிரம், சைக்கிள் குழுவில் ஒன்றே கால் லட்சம். எது உண்மை என்பது விற்ற கடைக்காரருக்கு மட்டுமே தெரியும்.

முறுக்கான சைக்கிள்காரர்கள் ஏற்காட்டுக்குப் போவார்கள். அங்கே 20 கொண்டை ஊசி வளைவுகள். நம்மவர் நிதானக் கட்சி என்பதால் பனமரத்துப்பட்டி. சேலத்திலிருந்து ஏறக்குறைய 15 கி.மீ.; சீலநாயக்கன்பட்டி தாண்டி, நாமக்கல் நெடுஞ்சாலையில் கோழி லாரிகளுக்கு வழிவிட்டு, பிரிவில் திரும்பினால் ஜருகுமலை பக்கத்தில் வந்து நிற்கும். நிதானமாகத்தான் போவார். எவ்வளவு நிதானம் என்பதை மட்டும் மணிக்கட்டில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று, பாக்கெட்டில் ஒன்று என மூன்று கருவிகள் கணக்கெடுத்துக்கொண்டிருக்கும். ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகும் ப்ளஸ் டூ மாணவி ஒருத்தி, அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிதிவண்டியில், முன் கூடையில் சாப்பாட்டுப் பையோடு அவரைத் தாண்டிப் போவாள். அடுத்த ஒரு கிலோமீட்டருக்கு அவருடைய இதயத்துடிப்பு 160ஐத் தொடும். பிறகு பள்ளிக்கூடம் வந்துவிடுவதால் ஸ்லோ லைஃப் மீண்டும் தொடரும்.

ஊருக்குள் நுழைந்ததும் விசாரணை.

"ஏனுங்க, கேரியர் இல்லீங்களா?"

"இல்லீங்க."

"மட்கார்டு?"

"இந்த மாடலுக்கு வராதுங்க."

"ஸ்டாண்டு கூடவா குடுக்கல? நல்லா ஏமாத்திப்புட்டானுங்க."

அரளித் தோட்டங்களுக்குப் பேர்போன பகுதி இது. அரளியை மலரவிட மாட்டார்கள். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு விடியுமுன்பே மொட்டாகப் பறித்து, எடை போட்டு, சேலம் வ.உ.சி. மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். நம்மவர் போய்ச் சேரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். வரப்பில் சைக்கிளைச் சாய்த்து, சிவப்பு மொட்டுக் குவியல் பின்னால் தெரிகிற மாதிரி படம் எடுப்பார். மூட்டை கட்டும் அக்கா நிமிர்ந்து பார்த்து, "போட்டோ அப்புறம் எடுக்கலாம் சார், இந்த மூட்டைய ஒரு கை புடிங்க" என்பார். பிடிப்பார். 'அறுவடையில் பங்கேற்றேன்' என்று ஸ்டேட்டஸ் வந்துவிடும்.

ஒயின்தான் சிக்கல். பர்கண்டிக்காரர் உல்லாசப் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்திருப்பது பழைய சேலம் மாவட்டம். சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது இங்கேதான். 1917இல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். சொந்த மாவட்டத்திலிருந்தே தொடங்கினார். சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி வந்தது. இந்த வரலாற்றை நம்மவர் கூட வருகிறவர்களுக்கு உருக்கமாகச் சொல்வார். மதுவிலக்கு போய் டாஸ்மாக் வந்துவிட்டது, வரி மட்டும் பேரை மாற்றிக்கொண்டு கூடவே இருக்கிறது என்று முடிக்கும்போது கொலுசு வியாபாரியின் குரல் தழுதழுக்கும்.

ஆகவே பனையிடம் வருகிறார். மாசி, பங்குனியில் சாலையோரம் மரமேறி ஒருவர் பானையோடு உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு அவருக்கு யோகம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாமல் விட்டால் புளித்துக் கள், அதற்குத் தமிழ்நாட்டில் தடை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான் என்பதைக் கேட்டுப் பரவசப்படுவார். ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்ததை உடனே குடிக்க மாட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். லேசாகச் சுழற்றுவார், பட்டையின் ஓரத்தில் வழிந்து கையுறை நனையும். மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, "ஒரு மினரல் நோட் இருக்கு" என்பார்.

"அது சுண்ணாம்புங்க," என்பார் மரமேறி. "வெயில் ஏறுறதுக்குள்ள குடிச்சுட்டுப் பட்டையக் குடுங்க, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

அடுத்து வரலாற்றுச் சின்னம். பனமரத்துப்பட்டி ஏரி, சேலம் நகரத்தின் தாகம் தீர்க்க பிரிட்டிஷ் ஆட்சியில் அமைந்தது. 2,000 ஏக்கருக்கு மேல். மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியதும் நகரம் இதை மறந்தது. ஆண்டுக்கணக்கில் வறண்டு, சீமைக்கருவேலம் ஏரிக்குள் குடியேறியது. கரையில் நின்று, "பிரான்சா இருந்தா இதச் சுத்தி ஒரு சைக்கிள் டிராக் போட்டிருப்பான்" என்று பெருமூச்சு விடுவார். ஆடு மேய்க்கும் பெரியவருக்கு அதில் ஆர்வமில்லை. "தண்ணி வுட்டாப் போதுங்க" என்பார்.

இங்கிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் போய், குன்றைக் குடைந்த நரசிம்மர், அரங்கநாதர் குகைக்கோயில்களையும் மேற்கூரையில்லாமல் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரையும் பார்த்துவிட்டு, மலைக்கோட்டையில் சூரிய அஸ்தமனம் என்பது அவரது திட்டம். திட்டம் ஒவ்வொரு மாதமும் புதுப்பிக்கப்படும். நிறைவேறாததற்குக் காரணம் பெரும்பாலும் முள். ஏரிக்கரைக் கருவேல முள் எந்த நாட்டு டயரையும் மதிப்பதில்லை. ஊர் சைக்கிள் கடைக்காரர் பஞ்சரை இரண்டே நிமிடத்தில் ஒட்டிவிடுவார். காற்றடிக்கும்போதுதான் தெரியும், வால்வு ஊசி மாதிரி இருக்கிறது, பம்பு பொருந்தவில்லை. பிரெஸ்டா வால்வு, பிரான்சு சமாச்சாரம். அதற்கான அடாப்டர் வீட்டில், பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

கடைசியில் சைக்கிளும் அவரும் அரளி மூட்டைகளோடு மூட்டையாகக் குட்டி யானையில் ஏறி சேலம் திரும்புவார்கள். செல்போன் செயலியை நிறுத்த மறந்திருப்பார். பனமரத்துப்பட்டி பிரிவிலிருந்து சீலநாயக்கன்பட்டி வரை மணிக்கு 58 கி.மீ. வேகம் என்று அது பதிவுசெய்து, அவரைக் கேட்காமலே குழுவுக்கும் அனுப்பிவிடும். சாயங்காலத்துக்குள் நாற்பது கைத்தட்டல், ஏழு நெருப்பு. "இந்த வயசுல எப்படிண்ணா? என்ன டயட்?" என்று கேட்கிறான் ஒரு இளவட்டம். இரண்டாவது தட்டுவடை செட்டைக் கீழே வைத்து, விரலைத் துடைத்துக்கொண்டு, "கம்பங்கூழ் தம்பி, அவ்ளோதான்" என்று பதில் போடுகிறார்.